ஊசிக்குப் பதில் மூக்கு: மருந்தை உள்ளே அனுப்பத் தாவரப் பொருட்கள் எப்படி உதவுகின்றன?

வேர்க்கடலை ஒவ்வாத ஒருவர் தெரியாமல் அதைச் சாப்பிட்டுவிடுகிறார். சில நிமிடங்களில் உதடு வீங்குகிறது, தொண்டை அடைக்கிறது, ரத்த அழுத்தம் சரிகிறது. ‘அனாஃபிலாக்சிஸ்’ எனப்படும் இந்தக் கடும் ஒவ்வாமைக்கு முதல் மருந்து அட்ரினலின். பல பத்தாண்டுகளாக இதைத் தொடையில் ஊசியாகத்தான் போட்டுவந்தார்கள். ஆனால், ஊசியைப் பார்த்துப் பயந்தோ, “ஆஸ்பத்திரிக்குப் போயே போட்டுக்கலாம்” என்று நினைத்தோ தாமதிப்பவர்கள் நிறைய. அந்தத் தாமதம் உயிரைப் பறித்துவிடும்.

2024 ஆகஸ்ட்டில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் (எஃப்.டி.ஏ) இதற்கு ஊசி இல்லாத வழி ஒன்றை அனுமதித்தது. ‘நெஃபி’ என்ற மூக்குத் தெளிப்பு அது. ஒரு தெளிப்பின் அளவு வெறும் 0.1 மி.லி. மருந்து என்னவோ பழைய அட்ரினலின்தான். புதுமை, கூடவே இருக்கும் துணைப்பொருளில் இருக்கிறது: சர்க்கரையும் கொழுப்பு ஆல்கஹாலும் சேர்ந்த ‘டோடெசில் மால்டோசைடு’. மூக்கின் சவ்வைத் தாண்டி மருந்து வேகமாக ரத்தத்தில் சேர உதவுவது இதுதான்.

இப்படிப்பட்ட பொருட்களுக்கு ‘உறிஞ்சல் ஊக்கிகள்’ என்று பெயர். இந்தத் துறையின் வேர்களைத் தேடிப் போனால் பல இடங்களில் தாவரங்கள்தான் வந்து நிற்கின்றன. சோப்பு மரப் பட்டை, அதிமதுரம், பழத்தோல், மிளகு என்று பட்டியல் நீள்கிறது.

மூக்கு ஏன்?

வாய்வழியாக விழுங்கும் மருந்து வயிற்று அமிலத்தைத் தாங்க வேண்டும், குடலில் கரைய வேண்டும், பிறகு கல்லீரலைக் கடக்க வேண்டும். பல மருந்துகளில் ஒரு பெரும் பங்கைக் கல்லீரலே சிதைத்துவிடுகிறது. இன்சுலின் போன்ற புரத மருந்துகளின் நிலைமை இன்னும் மோசம். சாப்பிட்ட பருப்பைப் போலவே அவையும் செரிமானமாகிவிடும்.

மூக்கில் இந்தத் தொல்லை குறைவு. வெளியே பார்க்கச் சின்னதாகத் தெரிந்தாலும், உள்ளே உள்ள மடிப்புகளால் மூக்கின் உட்பரப்பு ஏறத்தாழ 150 சதுர செ.மீ. சவ்வுக்கு அடியிலேயே ரத்த நாளங்கள் அடர்த்தியாக ஓடுகின்றன. அங்கே உறிஞ்சப்படும் மருந்து கல்லீரலைச் சுற்றாமல் நேராக ரத்த ஓட்டத்தில் கலக்கிறது. மயங்கிக் கிடப்பவருக்கும் வலிப்பு வந்தவருக்கும் வாயில் மாத்திரை போட முடியாது. மூக்கில் தெளிக்க முடியும். மருத்துவம் படிக்காதவரும் செய்யலாம்.

இந்தியாவிலும் வலிப்பு நோயாளிகளுக்கு மருத்துவர் சீட்டின் பேரில் மிடாசோலம் மூக்குத் தெளிப்பு கிடைக்கிறது. போதை மருந்து அளவு மீறி மூச்சு நின்றுபோகும் நிலையில் இருப்பவர்களைக் காப்பாற்றும் நலோக்சோன் தெளிப்பு, அமெரிக்காவில் 2015-ல் அனுமதி பெற்றது. 2023 முதல் அங்கே மருந்துச் சீட்டே இல்லாமல் வாங்கலாம்.

அப்படியானால் எல்லா மருந்தையும் மூக்கில் விடலாமே?

முடியாது. மூக்கின் முக்கிய வேலைகளில் ஒன்று, வெளியிலிருந்து வருவதை உள்ளே விடாமல் தடுப்பது. அதற்காக மூன்று காவல்கள் வைத்திருக்கிறது.

முதல் காவல் சளி. அதன் அடியில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் இடைவிடாமல் அசைந்து, சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். மூக்கில் விழுந்த மருந்து பொதுவாக 15 முதல் 20 நிமிடங்களுக்குள் தொண்டைக்கு இறங்கி, வயிற்றுக்குப் போய்விடும். அதற்குள் உறிஞ்சப்பட்டால்தான் உண்டு.

இரண்டாவது காவல் செல் சுவர். சவ்வில் உள்ள செல்கள் ஒன்றோடொன்று பூட்டுப் போட்டது போல நெருங்கி நிற்கின்றன. இந்தப் பூட்டுகளுக்கு ‘இறுக்கச் சந்திப்புகள்’ என்று பெயர். சிறிய, கொழுப்பில் கரையும் மூலக்கூறுகள் செல்லுக்குள்ளேயே நுழைந்து மறுபக்கம் போய்விடும். பெரிய மூலக்கூறுகளும் நீரில் மட்டும் கரைபவையும் வெளியிலேயே நின்றுவிடும். தோராயமாக 1,000 டால்டன் எடைதான் எல்லைக்கோடு. (டால்டன் என்பது மூலக்கூறின் எடையை அளக்கும் அலகு.) நலோக்சோனின் எடை சுமார் 327 டால்டன், துணை இல்லாமலே போய்விடும். இன்சுலின் சுமார் 5,800 டால்டன், வாசலிலேயே நின்றுவிடும்.

மூன்றாவது காவல் நொதிகளும் பம்புகளும். சளியிலும் சவ்விலும் உள்ள நொதிகள் புரதங்களை வெட்டும். செல்லுக்குள் நுழைந்த சில மருந்துகளை ‘பி-கிளைக்கோபுரதம்’ என்ற பம்பு மீண்டும் வெளியே தள்ளிவிடும்.

இதன் விளைவு எண்களில் தெரியும். எலும்புத் தேய்வுக்கான கால்சிடோனின் மருந்தை மூக்கில் தெளித்தால், சராசரியாக 3 சதவீதம் அளவுக்குத்தான் ரத்தத்தில் சேர்கிறது. ஊசியாகப் போடும் டெஸ்மோபிரசின் மருந்தைப் போல ஏறத்தாழ 10 மடங்கு அளவை மூக்கில் தெளிக்க வேண்டியிருக்கிறது. மிச்சம் வீண். மருந்து விலை அதிகம் என்றால், இந்த வீண் பெரிய செலவு.

இன்னொரு இடையூறும் உண்டு. ஒரு நாசித் துளையில் 0.1 முதல் 0.15 மி.லி. வரைதான் நிற்கும், அதாவது இரண்டு மூன்று சொட்டு. அதற்கு மேல் விட்டால் வழிந்துவிடும். “கொஞ்சம் கூடுதலா விட்டா சரியாயிடும்” என்ற கணக்கு இங்கே செல்லாது. ஊக்கிகள் தேவைப்படுவது இதனால்தான்.

நுரைக்கும் பட்டை

பூந்திக்கொட்டையையும் சிகைக்காயையும் நீரில் தேய்த்தால் நுரை வரும். காரணம், அவற்றில் உள்ள ‘சப்போனின்’ என்ற பொருள். இந்த மூலக்கூறின் ஒரு முனை சர்க்கரை. அது நீரை விரும்பும். மறுமுனை எண்ணெய்ப் பசையை விரும்பும். அழுக்கை நீக்குவதும் இந்த இரட்டைக் குணம்தான்.

செல் சுவரும் கொழுப்பால் ஆனது. அதில் உள்ள கொலஸ்ட்ராலுடன் சப்போனின் ஒட்டிக்கொண்டு, சுவரைச் சற்றே குலைத்துவிடும். அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்கும் பெரிய மூலக்கூறு உள்ளே நழுவிவிடும்.

தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் வளரும் ‘கில்லாயா’ மரத்தின் பட்டை, சப்போனின் நிறைந்தது. அங்குள்ள பழங்குடி மக்கள் துணி துவைக்கப் பயன்படுத்திய பட்டை அது. 1980களிலிருந்தே எலிகளின் மூக்கில் இன்சுலினுடன் சப்போனின் சேர்த்து விட்டுப் பார்க்கும் சோதனைகள் நடந்தன. ரத்தச் சர்க்கரை இறங்கியது. அதாவது, வாசலில் நின்ற இன்சுலின் உள்ளே போயிருக்கிறது.

ஆனால், கதவைத் திறப்பதும் உடைப்பதும் ஒன்றல்ல. அளவு கூடினால் சப்போனின் செல்லையே கிழித்துவிடும். ரத்தச் சிவப்பணுக்களை அது வெடிக்கச் செய்வது நெடுங்காலமாகத் தெரிந்த விஷயம். எனவே மூலக்கூறின் ஒரு பகுதியை நீக்கி, நஞ்சு குறைந்த வடிவங்களை உருவாக்கிப் பார்த்தார்கள்.

அமெரிக்காவில் பர்மிங்காமில் உள்ள அலபாமா பல்கலைக்கழகத்தில் டென்னிஸ் பில்லியன், எலியாஸ் மீசன் ஆகியோரின் குழு, 1990களில் இந்த வேலையில் இறங்கியது. கில்லாயா சப்போனின்களை ஆராய்ந்த அதே காலத்தில், அவற்றைவிட எளிய கட்டமைப்புள்ள பொருட்களையும் இவர்கள் சோதித்தனர். சர்க்கரைத் தலையும் கொழுப்பு வாலும் கொண்ட ‘அல்கைல் கிளைக்கோசைடுகள்’ அவை. இவற்றைச் சேர்த்த இன்சுலின் மூக்குச் சொட்டு பற்றிய ஆய்வு 1994-ல் வெளியானது. நெஃபியில் உள்ள டோடெசில் மால்டோசைடு இந்த வகையைச் சேர்ந்ததுதான்.

ஒருவகையில் இது சப்போனினின் எளிய உறவினர். சர்க்கரைப் பகுதியான மால்டோஸ் மாவுச்சத்திலிருந்து வரும். வால் பகுதி 12 கார்பன் நீளமுள்ள லாரைல் ஆல்கஹால். இதைத் தேங்காய் எண்ணெயிலிருந்தும் தயாரிக்கலாம், பெட்ரோலியத்திலிருந்தும் தயாரிக்கலாம். 2020 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டயசெபாம் வலிப்புத் தெளிப்பிலும் இதே பொருள் இருக்கிறது.

கில்லாயா பட்டையும் காணாமல் போய்விடவில்லை. அது வேறு வழியில் உலகெங்கும் சென்றது. அதன் சப்போனின்கள், தடுப்பூசியின் திறனைக் கூட்டும் துணைப்பொருளாக அக்கிக்கான ‘ஷிங்ரிக்ஸ்’ தடுப்பூசியிலும், புனேயில் தயாரான ‘கோவோவாக்ஸ்’ கரோனா தடுப்பூசியிலும், ‘ஆர்21’ மலேரியா தடுப்பூசியிலும் இடம்பெற்றுள்ளன.

அதிமதுரம் என்ன செய்கிறது?

நாட்டு மருந்துக் கடையில் இருமலுக்கு வாங்கும் அதிமதுர வேரின் இனிப்புக்குக் காரணம் ‘கிளைசிரைசின்’. இதுவும் சப்போனின் குடும்பம்தான். ஆனால், கில்லாயாவைவிடச் செல் சுவரிடம் மென்மையாக நடந்துகொள்ளக்கூடியது.

1980களின் இறுதியில் ஜப்பானிய ஆய்வாளர்கள், கிளைசிரைசினில் இருந்து கிடைக்கும் ‘கிளைசிரெட்டினிக் அமில’த்தின் மாற்று வடிவங்களை இன்சுலினுடன் சேர்த்து விலங்குகளின் மூக்கில் சோதித்தனர். உறிஞ்சுதல் கூடியது. கால்சிடோனின் தெளிப்புகளுக்கும் இந்தக் குடும்பப் பொருட்கள் சோதிக்கப்பட்டன.

அதிமதுரம் இயற்கையானது, அதனால் ஆபத்தே இல்லை என்று முடிவுக்கு வந்துவிட வேண்டாம். அதை நாள்கணக்கில் அளவு மீறிச் சாப்பிட்டால் பொட்டாசியம் குறைந்து ரத்த அழுத்தம் எகிறும் என்பது மருத்துவர்களுக்கு நன்கு தெரிந்த பக்கவிளைவு.

பழத்தோலில் இருந்து ஒரு பசை

உள்ளே நுழைக்க முடியாவிட்டால், வாசலிலேயே கொஞ்ச நேரம் நிற்க வைக்கலாமே? இது இரண்டாவது உத்தி. இங்கே கதவைத் திறப்பதில்லை. சளியில் ஒட்டிக்கொண்டு, நுண்மயிர்கள் மருந்தைத் தள்ளிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை.

இதற்கு நல்ல உதாரணம் பெக்டின். ஜாம் கெட்டியாவதற்குக் காரணமான பொருள். ஆரஞ்சு, எலுமிச்சை வகைப் பழத்தோல்களிலும் ஆப்பிள் சக்கையிலும் இருந்து எடுக்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட வகை பெக்டினுக்குச் சுவையான குணம் உண்டு: பாட்டிலில் நீர்போல இருக்கும், கால்சியத்தைத் தொட்டதும் கூழாகிவிடும். மூக்குச் சளியில் கால்சியம் இருக்கிறது. ஆகவே தெளித்ததும் சவ்வின் மேல் மெல்லிய கூழ்ப் படலம் உருவாகி, மருந்து சீராக வெளியேறும்.

புற்றுநோயாளிகளுக்கு மற்ற வலிமருந்துகளையும் மீறித் திடீரென வெட்டியெடுக்கும் வலி வரும். அதற்கான ஃபென்டனில் மூக்குத் தெளிப்பு ஒன்றில் இந்த பெக்டின்தான் அடிப்படை. அது ஐரோப்பாவில் 2010-லும் அமெரிக்காவில் 2011-லும் அனுமதி பெற்றது. தாவரப் பொருள் சோதனைக்கூடத்தைத் தாண்டி நோயாளியின் கைக்கு வந்ததற்கு இது ஒரு தெளிவான சான்று.

மாவுச்சத்திலிருந்து நொதிகள் மூலம் செய்யப்படும் ‘சைக்ளோடெக்ஸ்ட்ரின்’ இன்னொன்று. வளையம் போன்ற இந்த மூலக்கூறு, சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிட்ட நீரிழிவு நோயாளிகளுக்கான குளுககான் மூக்குப்பொடியில் சேர்க்கப்படுகிறது. 2019-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து அது. அதில்கூட, ஊசியில் 1 மி.கி. போதும் என்ற இடத்தில் மூக்கில் 3 மி.கி. தேவைப்படுகிறது.

மிளகும் ஜம்மு ஆய்வும்

‘மருந்தை உள்ளே சேர்க்கும் மருந்து’ என்ற எண்ணத்தை நவீன அறிவியலில் தனிக் கருத்தாக முன்வைத்ததில் இந்தியாவுக்கு முக்கியப் பங்கு உண்டு. சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்த திரிகடுகம் எத்தனையோ சித்த, ஆயுர்வேத மருந்துகளில் கூடவே வருகிறதே, ஏன்? ஜம்முவில் இருந்த மண்டல ஆய்வுக்கூடத்தின் (இன்றைய இந்திய ஒருங்கிணைந்த மருத்துவ நிறுவனம்) விஞ்ஞானிகள் 1970களின் இறுதியில் இந்தக் கேள்வியை ஆராய்ந்தனர். மிளகிலும் திப்பிலியிலும் உள்ள ‘பைபரின்’, மற்ற மருந்துகள் ரத்தத்தில் சேரும் அளவைக் கூட்டுகிறது என்று கண்டனர்.

1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், 2 கிராம் குர்குமினுடன் (மஞ்சளின் வேதிப்பொருள்) 20 மி.கி. பைபரின் கொடுத்தபோது, அது ரத்தத்தில் சேரும் அளவு மனிதர்களில் 20 மடங்கு கூடியதாகப் பதிவு செய்தனர். 2009-ல் பைபரின் சேர்த்த காசநோய் மாத்திரை இந்தியாவில் அனுமதி பெற்றது. வழக்கமான 450 மி.கி. ரிஃபாம்பிசினுக்குப் பதில் அதில் 200 மி.கி.தான், கூடவே 10 மி.கி. பைபரின்.

இவை எல்லாம் வாய்வழி மருந்துகள். ஆனால், பைபரின் வேலை செய்யும் விதம் மூக்கு ஆய்வாளர்களையும் ஈர்த்திருக்கிறது. மருந்தைச் சிதைக்கும் சில நொதிகளை அது மட்டுப்படுத்துகிறது. மருந்தை வெளியே தள்ளும் அந்த பி-கிளைக்கோபுரதப் பம்பையும் அடக்குகிறது. அதே பம்பு மூக்குச் சவ்விலும் மூளையின் ரத்தத் தடுப்பிலும் இருக்கிறது.

இதே காரணத்தால் எச்சரிக்கையும் தேவை. வலிப்பு மருந்தான ஃபெனிடோயின், ஆஸ்துமா மருந்தான தியோஃபிலின், ரத்த அழுத்த மருந்தான புரோப்ரனலால் ஆகியவற்றின் அளவு ரத்தத்தில் கூடுவதை மனித ஆய்வுகள் காட்டியுள்ளன. ரசத்தில் போடும் மிளகைப் பற்றிக் கவலை வேண்டாம். ‘பைபரின் சேர்த்தது’ என்று எழுதப்பட்ட மாத்திரைகளை வாங்குவதற்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

மூளைக்குக் குறுக்கு வழி உண்டா?

மூக்கின் உச்சியில் வாசனையை உணரும் பகுதி இருக்கிறது. அங்கிருந்து நரம்புகள் நேரே மூளைக்குப் போகின்றன. இந்தப் பாதையில் மருந்தை அனுப்ப முடிந்தால், அல்சைமர், பார்கின்சன் போன்ற நோய்களுக்குப் புதுவழி பிறக்கும். போர்னியோ, சுமத்ரா காடுகளில் வளரும் ஒருவகை மரத்தின் கற்பூரத்தில் உள்ள ‘போர்னியோல்’, சீன மருத்துவத்தில் மற்ற மருந்துகளை ‘மேலே அழைத்துச் செல்லும்’ துணையாகக் கருதப்படுகிறது. அதை வைத்துச் சீனாவில் நிறைய ஆய்வுகள் நடக்கின்றன.

எலிகளில் கிடைத்த முடிவுகள் நம்பிக்கை தருகின்றன. ஆனால், எலி மூக்கும் மனித மூக்கும் ஒன்றல்ல. எலியின் மூக்கில் ஏறத்தாழ பாதி வாசனைப் பகுதி. மனிதரில் அது 10 சதவீதத்துக்கும் குறைவு. அதுவும் தெளிப்பு எளிதில் எட்டாத உயரத்தில். ‘எலியில் வெற்றி’ என்ற செய்தியைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஏன் இவ்வளவு தாமதம்?

1980களில் பித்த உப்புகளைச் சேர்த்த இன்சுலின் தெளிப்பு மனிதர்களிடம் சோதிக்கப்பட்டது. சர்க்கரை இறங்கியது உண்மை. கூடவே மூக்கு எரிந்தது. வலிப்போ ஒவ்வாமையோ எப்போதாவது வருவது. ஒரு தடவை எரிந்தால் பொறுத்துக்கொள்ளலாம். இன்சுலின் அப்படியா? தினமும் சில முறை, வாழ்நாள் முழுக்க. அவ்வளவு காலம் மூக்கின் காவலைத் தளர்த்திக்கொண்டே இருந்தால், மருந்தோடு தூசியும் கிருமியும் நுழையாதா என்ற கேள்வி எழுகிறது. நீரிழிவுக்காரர்கள் இன்னும் ஊசியோடு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால் ஒவ்வொரு ஊக்கியும் கடும் தேர்வுக்கு உட்படுகிறது. நுண்மயிர்கள் தொடர்ந்து அசைகின்றனவா என்று தவளையின் மேலண்ணத்தில் வைத்துக்கூடப் பார்க்கிறார்கள். தளர்ந்த பூட்டு எத்தனை நிமிடத்தில் மீண்டும் இறுகுகிறது, சிவப்பணு உடைகிறதா, சவ்வில் புண் வருகிறதா என்றெல்லாம் அளக்கிறார்கள்.

தாவரச் சாறுகளுக்கு இன்னொரு சிக்கல்: மரத்துக்கு மரம், பருவத்துக்குப் பருவம் அதன் கூட்டு மாறும். மருந்துக்கு அது ஆகாது. எனவே சாறிலிருந்து ஒற்றை மூலக்கூறைப் பிரித்தெடுக்க வேண்டும். கில்லாயாவின் ‘கியூஎஸ்-21’ அப்படிப் பிரிக்கும்போது 21ஆவதாக வந்த பகுதி; பெயரும் அதனால்தான். மரத்தை வெட்டாமல் அதே மூலக்கூறை ஈஸ்ட்டில் வளர்த்தெடுக்கும் முறை 2024-ல் வெளியானது.

வீட்டில் செய்து பார்க்கலாமா?

கூடவே கூடாது. சித்த, ஆயுர்வேத மருத்துவத்தில் மூக்கில் மருந்து விடும் ‘நசியம்’ உண்டு. அதைத் தேர்ந்த மருத்துவர்தான் செய்ய வேண்டும். நம் ஊர்களில் பச்சிளம் குழந்தையைக் குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. “சளி வெளிய வரும், நாங்களும் இப்படித்தானே வளர்ந்தோம்” என்று பெரியவர்கள் சொல்வார்கள். குழந்தை மருத்துவர்களோ வேண்டவே வேண்டாம் என்கிறார்கள். மூக்கில் விட்ட எண்ணெய் மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலில் இறங்கினால், ‘லிபாய்டு நிமோனியா’ என்ற அழற்சி வரும். எண்ணெயைச் சுத்தம் செய்ய நுரையீரலுக்கு வழி தெரியாது.

* கைக்குழந்தையின் மூக்கிலோ மூக்கருகிலோ கற்பூரம், மென்தால் கலந்த தைலம் தடவக் கூடாது. மூச்சு நின்றுபோகும் ஆபத்து உண்டு. கற்பூரம் உள்ளே போனால் வலிப்பு வரலாம்.
* மூலிகைச் சாறு, இஞ்சிச் சாறு, மிளகுக் கஷாயம் எதையும் மூக்கில் விட வேண்டாம்.
* மருத்துவர் தந்த மூக்குத் தெளிப்பில் வேறு எதையும் கலக்கக் கூடாது. சொன்ன அளவைத் தாண்டக் கூடாது.
* கடும் ஒவ்வாமைக்குத் தெளிப்போ ஊசியோ போட்ட பிறகும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். அறிகுறி திரும்பி வரலாம்.

சோதனைக்கூடத்தில் ஒரு தாவர மூலக்கூறு மூக்கின் கதவைச் சில நிமிடம் திறந்து, பிறகு மூட விடுகிறது. எவ்வளவு திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்ற அந்த அளவைக் கண்டுபிடிக்கத்தான் 40 ஆண்டுக்கால உழைப்பு தேவைப்பட்டது. வீட்டுச் சாறுக்கு அந்த அளவு தெரியாது.